வலது பக்கம் மங்கல்

ஜூலை 6, ஞாயிறு

யானை வீடு திரும்பிவிட்டது.

ஆல்பர்ட் ஜெயசிங், ஆட்டோக்காரர், நான் மூவருமாக அதை மாடிக்குத் தூக்கினோம். அதாவது அவர்கள் இருவரும் தூக்கினார்கள். நான் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினேன். பட்டிமன்றப் பேச்சாளனின் உடலுழைப்பு தொண்டையோடு முடிந்துவிடும்.

யானை என்பது என் ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும் சாதனம். எழுபத்தாறில் ஜப்பான்காரன் செய்தது. வெள்ளி முகம், பக்கவாட்டில் மரப்பலகை. ஸ்விட்சைப் போட்டால் நீல வெளிச்சம் வரும். அதற்குள் இரண்டு முட்கள் ஆடும், இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. "கல்யாணத்தன்னிக்கு உங்க மூஞ்சிகூட இவ்வளவு பளபளன்னு இல்ல" என்றாள் பூங்கோதை. என் மனைவி. அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. பள்ளியில் அறுநூறு பேரை அடக்கிய களைப்பில் வீட்டில் ஒருவனை மட்டும் அடக்குகிறாள்.

ஆல்பர்ட்டுக்குச் சிங்காரத்தோப்பில் ரேடியோ ரிப்பேர் கடை. வீட்டுக்குள்ளும் கூலிங்கிளாஸைக் கழற்றமாட்டார். மீசைக்கு அடிக்கிற மையில் கொஞ்சம் காதோரத்துக்கும் மிச்சம் பிடித்திருக்கலாம். ஆனால் கையில் சாலிடரிங் அயர்னைக் கொடுத்தால் ஆளே வேறு. யானையின் வயிற்றிலிருந்த பழைய கண்டன்சர்களை, அதாவது மின்சாரத்தைத் தேக்கும் சின்ன டப்பாக்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போட்டிருக்கிறார்.

"மை டியர் குணசீலன் சார், இன்னிக்கு மார்க்கெட்ல பாதிச் சரக்கு டூப்ளிகேட். பெரிய டப்பாவா பளபளன்னு இருக்கும். அறுத்துப் பாத்தா உள்ள நெல்லிக்காய் சைஸ்ல இன்னொரு டப்பா உக்காந்திருக்கும். மிச்சமெல்லாம் வெறும் அடைசல். ஆறு மாசத்துல பல்லைக் காட்டிரும். நான் போட்டது அத்தனையும் அசல். யாரு வேணா அறுத்துப் பாக்கலாம்."

"நாங்க எதுக்குங்க அறுக்கப்போறோம்?" என்றாள் பூங்கோதை, காபி டம்ளரை நீட்டி. "இவரே மேடையில போதுமான அளவு அறுக்கிறாரு."

ஆல்பர்ட் சிரித்த சிரிப்பில் கூலிங்கிளாஸ் நழுவியது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எங்கள் காவேரி ஒலிச்சுவைஞர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளை மனைவிமாரிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளச் சில ஆண்கள் கூடி ஏற்படுத்திய அமைப்பு. இந்த வருஷம் என் வீட்டில். வழக்கப்படி முதலில் எல்லாரும் கண்ணை மூடிக் கேட்பார்கள். பிறகு 'மூடித் திறப்பு'. வீட்டுக்காரன் செட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே எது யார் போட்டது, அசலா நகலா என்று சபையில் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒருவர் மூடித் திறப்பில் அவமானப்பட்டு வட்டத்தை விட்டே போய்விட்டார். மூன்று மாதம் எங்களுக்கு அதுதான் பேச்சு.

முகப்பில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் இடது வலது எல்லாம் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும். ஸ்டீரியோ வாங்கிவிட்டு அதை அமுக்குகிறவன், வடை பாயசத்தோடு இலை போட்டதும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைகிறவன்.

ஜூலை 9, புதன்

என் சோதனை இசைத்தட்டு ஒரு நாதஸ்வரக் கச்சேரி. இடப்பக்கம் நாதஸ்வரம், வலப்பக்கம் தவில். தவில்காரர் விரலில் மாட்டிய கூடு தோலில் படுவது பட்டாணி பொரிவதுபோல் தெறிக்க வேண்டும்.

இன்று தெறிக்கவில்லை. தவிலுக்கு யாரோ கம்பளி போர்த்தியிருக்கிறார்கள்.

நாதஸ்வரம் பிரமாதம்.

ஜூலை 13, ஞாயிறு

வலது பக்கம் மங்கல்தான். சந்தேகமே இல்லை. பூங்கோதையைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"டிரெபிள் குறையுது பாரு."

"அது யாரு?"

இசைக்கும் இவளுக்கும் உள்ள உறவு பள்ளி மணியோடு சரி. முட்களைப் பார்த்தேன். இரண்டும் ஜோடியாகவே ஆடுகின்றன. ஆக, வலது முள்ளும் பொய் சொல்கிறது.

ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டேன். "பின்னாடி வயரை இடம் வலம் மாத்திப் போடுங்க சார். மங்கல் இடது பக்கம் போச்சுன்னா செட்டுல கோளாறு. வலப்பக்கமே நின்னா, செட்டு கிளீன். எல்.கே.ஜி. பாடம்" என்றார். குரலில் ஒரு திமிர். எல்.கே.ஜி.யாம்.

ஜூலை 15, செவ்வாய்

யானைக்குப் பின்னால் குனிந்து வயரை மாற்றினேன். நிமிரும்போது அறை ஒரு சுற்றுச் சுற்றி பீரோ என் மேல் சாய்ந்தது. பூங்கோதை நான்தான் பீரோ மேல் சாய்ந்தேன் என்கிறாள். காலையில் வெறும் இட்லி. சட்னி சரியில்லை என்று இரண்டோடு எழுந்துவிட்டேன். அதுதான்.

தட்டைப் போட்டேன். நாதஸ்வரம் வலப்பக்கம் வந்தது, கம்பளி போர்த்திக்கொண்டு. தவில் இடப்பக்கம் போய்ப் பட்டாணி பொரித்தது.

யோசித்துப் பார்த்தேன். பழைய மெஷின்களில் கோளாறு இடம் மாறும். ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். வயதான உடம்பில் வாயுப்பிடிப்பு மாதிரி.

வயரைப் பழையபடியே மாட்டிவிட்டேன். ஆல்பர்ட் போனில் கேட்டார். "மாத்திப் பாத்தேன். இடப்பக்கம் போச்சு. உங்க பார்ட்ஸ்தான்" என்றேன்.

"பாக்குறேன் சார்" என்று சொல்லி வைத்தார். நல்லவேளை, போனை இடது காதில் வைத்திருந்தேன். வலது காதில் வைத்தால் இப்போதெல்லாம் இந்தப் போன் சரியாகக் கேட்பதில்லை. அதிலும் மட்டமான ஸ்பீக்கர்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று முசிறியில் பட்டிமன்றம். 'குடும்ப நிம்மதியைக் குலைப்பது கைப்பேசியா, கைவைத்தியமா?' நான் கைவைத்தியம்.

விநோதமான ஊர். மேடைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வலப்பக்கம் முழுக்க ஏதோ துக்க வீட்டிலிருந்து நேரே வந்த கூட்டம். பற்கள் தெரிகின்றன, சத்தம் வருவதில்லை. ஒருவேளை கைப்பேசி அணித்தலைவியின் சொந்தக்காரர்களாக இருக்கும். அந்த அம்மாள் போகிற ஊரிலெல்லாம் நாலு பஸ் சொந்தம் வைத்திருப்பதாகக் கேள்வி.

நடுவர் மணி அடித்தாராம், மூன்று முறை. எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எழுந்து வந்து தோளைத் தொட்டார். "குணசீலனுக்கு மைக்கை விட மனசில்லை" என்று மைக்கிலேயே சொன்னார். அதற்கும் இடப்பக்கம் மட்டும் சிரித்தார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

வட்டத்தின் மூத்த உறுப்பினர், பல் டாக்டர் ஹிதாயத்துல்லா, இன்னும் மூன்று பேரோடு முன்னோட்டம் பார்க்க வந்தார். பிரியாணிப் பொட்டலத்தோடு வந்ததால் மரியாதையாக நடத்தினேன்.

"வலப்பக்கம் லேசா மங்கல். கவனிச்சீங்களா?" என்று ஆரம்பித்தேன்.

நால்வரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்கள் வட்டத்தில் ஒருவன் ஒரு குறையைக் கேட்டுவிட்டால் மற்றவர்களும் கேட்டே ஆக வேண்டும், கேட்காதவன் செவிடன். முதலில் ஒருவர் தலையாட்டினார். அடுத்தவர் "லேசாவா? நல்லாவே மங்கல்" என்றார். மூன்றாமவர் இன்னும் ஒரு படி ஏறி, மங்கலுக்குள் ஒரு கரகரப்பும் இருப்பதாகக் கண்டுபிடித்தார்.

டாக்டர் மட்டும் கண்ணைத் திறந்து, "எனக்குப் பிடிபடல குணா" என்றார். ஐம்பத்தெட்டு வயசு, பல் கடையும் மெஷினோடு முப்பது வருஷம். காது எங்கே மிச்சம் இருக்கும்? பாவம், பிரியாணிக்காக மன்னித்தேன்.

"ஆல்பர்ட் டூப்ளிகேட் கண்டன்சர் போட்டுட்டாரோன்னு..." என்று இழுத்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காத வாக்கியம்தான் வேகமாக ஓடும். இது தொழில் ரகசியம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஓடிவிட்டது. இரண்டு பேர் ஆல்பர்ட் கடையிலிருந்து தங்கள் செட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். ஒருவர் மூடிகூட மாட்டாமல், திறந்த வயிற்றோடு கார் டிக்கியில் வைத்து.

நான் யாரிடமும் போய் எடு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புதுத் தொல்லை. வலப்பக்கமிருந்து ஒரு ஹம். 'ம்ம்ம்ம்' என்று. சத்தத்தைக் குறைத்தாலும் குறையவில்லை. ஃபில்டர் கண்டன்சர் போனால் இப்படி வரும். எல்லாம் ஒரே மாதிரிச் சரக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. தில்லைநகரே ஊமையாகிவிட்டது. ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை, எதிர்வீட்டு டிவி இல்லை.

ஹம் இருக்கிறது.

பெரிய கண்டன்சர்கள் ஸ்விட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கும். விஷயம் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

மதியம் சாப்பிட்டு எழுந்தபோதும் இருந்தது. நன்றாகத்தான் தேக்குகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாலையில் பூங்கோதையோடு நடை. இவளுக்குப் புதிதாக ஒரு பழக்கம்: எனக்கு இடப்பக்கமாகவே நடக்கிறாள். வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தவள். சாப்பிடும்போதும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். ஏதாவது ஜோசியனிடம் போய்வந்தாளோ என்னவோ. கேட்டால், "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்கிறாள். தலைமையாசிரியைகள் பொய் சொன்னால் அது சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்க முடியாது.

திரும்பி வரும்போது ஆல்பர்ட் கடை வழியாக வர நேர்ந்தது. கடையில் அவர் மட்டும் இருந்தார். பெஞ்சு காலி. என்னைப் பார்த்துக் கூலிங்கிளாஸைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். சின்னக் கண்கள். கைகாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பேலன்ஸ் திருகியை வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இப்போது கோடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இப்போதுதான் இரண்டு பக்கமும் ஏதோ சமமாக வருகிற மாதிரி இருக்கிறது.

பூங்கோதை ஓடி வந்தாள். "என்னங்க இது, வலது பக்கம் மட்டும் அலறுது! இடது பக்கம் சத்தமே இல்ல!"

"சமமா இருக்கு."

அவள் திருகியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தேர்வுத்தாளில் நல்ல மாணவன் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"ஒரு காது டாக்டரப் பாத்துட்டு வந்துரலாமா?"

"செட்டுக் கோளாறுக்குக் காது டாக்டர் என்ன பண்ணுவாரு? ஸ்பேனர் வச்சிருப்பாரா?"

எனக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

சட்டையில் சாம்பார். இந்த வாரத்தில் இது எத்தனையாவது சட்டை என்று பூங்கோதைதான் சொல்ல வேண்டும். வாயின் வலது ஓரத்தில் வழிவது தெரியவே இல்லை. ஷேவ் செய்தபோது அதே பக்கம் கன்னத்தில் கீறல். ரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். புது பிளேடு. தரமான பிளேடு என்றால் வலிக்காது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வலது கடைவாய்ப் பல்லில் ஓட்டை. ஹிதாயத்துல்லா டாக்டரிடம் போனேன். நண்பர் என்பதால் அரட்டையோடு ஆரம்பித்தார். ஊசியை எடுத்துவிட்டு யாரோ கூப்பிட வெளியே போனார். திரும்பி வந்து ஊசி போட்டாகிவிட்ட நினைப்பில் கடைய ஆரம்பித்துவிட்டார். பாதியில்தான் ஊசி தட்டிலேயே இருப்பதைப் பார்த்தார்.

"குணா! வலிக்கலயா?"

"பழகின கை, டாக்டர். கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல."

மெஷினை நிறுத்தினார். மனுஷன் முகத்தில் இருந்த அரட்டை எல்லாம் வடிந்துவிட்டது. பஞ்சை எடுத்து என் இடது கன்னத்தில் தடவினார். தெரிகிறது என்றேன். வலது கன்னத்தில் தடவினார். தடவுகிறார் என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். எழுந்து நின்று, காலைச் சேர்த்து, கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அடுத்து அவர் தோளில் சாய்ந்திருந்தேன்.

"நாளைக்கே தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியட்டும் டாக்டர்."

"குணா..."

"மூடித் திறப்பு முடியட்டும். அப்புறம் என் மூடியத் திறங்க."

என் வாழ்நாளில் நான் சொன்ன நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. அவர் பஞ்சைக் குப்பையில் போட்டார், இரண்டு முறை கை கழுவினார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதாமல் படுத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

எல்லாரும் வந்துவிட்டார்கள். பூங்கோதை மெதுவடை போட்டிருந்தாள். கூப்பிடாமலே ஆல்பர்ட் வந்தார். இஸ்திரி போட்ட சஃபாரி, கையில் மீட்டர். கூலிங்கிளாஸ் இல்லை.

"மூடித் திறப்பு நான் பண்றேன் சார். சபை அனுமதிக்கணும்."

திறந்தார். பேலன்ஸ் திருகியை நடுவுக்குத் திருப்பி, ஒவ்வொரு கண்டன்சரிலும் மீட்டரை வைத்து இடது என்ன, வலது என்ன என்று உரக்கப் படித்தார். இரண்டும் ஒட்டினாற்போல் வந்தன. ஒருவர் வடையை மெல்லும் சத்தம் கேட்டது, இடப்பக்கம் இருந்தவர்.

"மீட்டர் பொய் சொல்லலாம். சாரோட காது பொய் சொல்லாது, ஊருக்கே தெரியும்" என்றார் ஆல்பர்ட். கிண்டலா, நிஜமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சார், ஒரே ஒரு டெஸ்ட். நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க. வயரு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். செட்டுல கோளாறுன்னா இப்ப மங்கல் உங்க இடப்பக்கம் வரணும். அப்பவும் வலப்பக்கமே நின்னுச்சுன்னா..."

அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

திரும்பி உட்கார்ந்தேன். எதிரே சுவர், நாட்காட்டி, ஹிதாயத்துல்லா டாக்டர். பின்னால் தட்டு சுழன்றது.

தவில் இப்போது என் இடது காதுப் பக்கம். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகப் பட்டாணி பொரித்தது. அப்படி ஒரு தெறிப்பை இந்த வீட்டில் நான் கேட்டதில்லை. அசல் சரக்கு. வலப்பக்கம் நாதஸ்வரம் ஏதோ கிணற்றடியில் கேட்டது. அதற்கும் கீழே அந்த 'ம்ம்ம்'.

"எந்தப் பக்கம் சார் மங்கல்?"

சமையலறை வாசலில் பூங்கோதை கரண்டியோடு நின்றாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வலது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எல்.கே.ஜி. பாடம்தானே.

"இடது" என்றேன்.

பின்னால் மீட்டரைப் பெட்டிக்குள் வைக்கும் சத்தம். "அப்ப என் பார்ட்ஸ்தான்" என்றார் ஆல்பர்ட். சத்தமில்லாமல் சொன்னார், சத்தமில்லாத ஆல்பர்ட்டை நான் பார்த்ததே இல்லை. "என்னையும் எவனோ ஏமாத்திட்டான். நானே எடுத்துட்டுப் போய்ப் பாக்குறேன் சார்."

அவரும் டாக்டரின் டிரைவரும் யானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இந்த முறை "பாத்து, பாத்து" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாடிப்படியில் டாக்டர் என் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லவும் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

வடை மிச்சம். ஹம் மிச்சம்.

செப்டம்பர் 4, வியாழன்

ஸ்கேன். குழாய்க்குள் படுக்கவைத்து டமடம என்று அடிக்கிறார்கள். காதில் மாட்ட ஹெட்போன் கொடுத்தார்கள். இடப்பக்கம் மட்டும் வேலை செய்தது.

அதை எடுத்துத் திருப்பி மாட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மூளை அறுவை மருத்துவர் சின்ன வயசுக்காரர். படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். என் தலையைத் தட்டையான துண்டுகளாக, ரொட்டி மாதிரி நறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு துண்டில், வலது காதுக்கு உள்ளே, வெள்ளையாக ஒன்று.

"காது நரம்புல வளர்ற கட்டி. கேன்சர் இல்ல. ஆனா பெருசாயிருச்சு, மூளைத்தண்டைத் தள்ள ஆரம்பிச்சிருக்கு. இன்னும் தள்ளிப்போடக் கூடாது."

"எவ்வளவு பெருசுங்க?" என்றாள் பூங்கோதை.

"ஒரு நெல்லிக்காய்னு வச்சுக்குங்களேன்."

வலது காதைக் காப்பாற்ற முடியாதாம். முக நரம்பும் அதை ஒட்டியே ஓடுகிறதாம். அதையும் உறுதி சொல்ல முடியாது, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கலாம். அறுவையில் வேறு சில ஆபத்துகளும் உண்டு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அதை நான் படிக்கவில்லை, பூங்கோதை படித்தாள். அவள் கையெழுத்து எப்போதும் அச்சு மாதிரி இருக்கும். இன்று இல்லை.

காரில் கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"நீங்க வலப்பக்கம் கூப்பிட்டா திரும்புறதில்ல. ஜூலை கடைசியிலயே இடப்பக்கம் மாறிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. வலப்பக்கம் நின்னு சொல்லிட்டேனோ என்னவோ."

இது அவள் நகைச்சுவை. முப்பது வருஷத்தில் அவள் சொல்லி எனக்குச் சிரிப்பு வராத முதல் நகைச்சுவை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஆல்பர்ட்டுக்கு நானாகப் போன் செய்ய வேண்டும் என்று நாலு நாளாக நினைத்து, நாலு நாளும் வேறு யாருக்கோ செய்தேன். இன்று காலை அவரே வந்தார். ஆட்டோவில் யானை. கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

என் ஸ்கேன் விஷயம் அவருக்குத் தெரியாது. டாக்டர் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. மற்றவர்கள் வாய்க்கு விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. நான் கொண்டுபோய்ச் சேர்க்காத முதல் வம்பு இது.

டிபன் பாக்ஸை மேஜையில் திறந்தார். உள்ளே கண்டன்சர்கள். ஒவ்வொன்றும் குறுக்கே ரம்பத்தால் அறுக்கப்பட்டு, இரண்டு பாதியாக.

"வலது சைடு மொத்தமும் அறுத்துட்டேன் சார். முதல் டப்பா சுத்தமா இருந்துச்சு. அடுத்ததுல இருக்கும்னு அறுத்தேன். அதுலயும் இல்ல. வெறி புடிச்ச மாதிரி எல்லாத்தையும் அறுத்தேன்." ஒரு பாதியை எடுத்துக் காட்டினார். நெருக்கமாகச் சுற்றிய தகடு, ஓரம் வரைக்கும், மர வளையம் போல. "உள்ள வேற டப்பா இல்ல. அசல். இப்ப சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணேன்? எங்க பண்ணேன்? எனக்குத் தூக்கம் வரல சார். மீட்டர நம்புறதா, உங்கள நம்புறதான்னு தெரியல. கடைக்கு ஆளு வர்றதில்ல, அது கிடக்கட்டும். எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துருச்சு."

எழுந்து போய் ஸ்கேன் படத்தை எடுத்துவந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"என்னையும் அறுத்துப் பாத்துட்டாங்க ஆல்பர்ட். இதோ பாருங்க. பெரிய டப்பா, பளபளன்னு. உள்ள நெல்லிக்காய் சைஸ்ல ஒண்ணு உக்காந்திருக்கு."

அவர் படத்தைப் பார்த்தார். டிபன் பாக்ஸைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அன்னிக்குத் திரும்பி உக்காந்தீங்களே. எந்தப் பக்கம்?"

"வலது."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான். ஜூலையில வயர மாத்தினப்பவே தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இடப்பக்கம் அடிக்கும்படி கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் அறுத்த பாதிகளை ஒவ்வொன்றாக டிபன் பாக்ஸில் அடுக்கினார், ஜோடி மாறாமல்.

"வட்டத்துல சொல்லுங்க" என்றார். "நான் இங்க இருக்கறப்பவே."

வாட்ஸப் குழுவில் குரல் செய்தியாகச் சொன்னேன். "குணசீலன் பேசுறேன். ஆல்பர்ட் போட்டது அத்தனையும் அசல். அன்னிக்கு நான் சொன்னது பொய். மங்கல் செட்டுல இல்ல, எனக்குத்தான்." அவ்வளவுதான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஆல்பர்ட் தரையில் உட்கார்ந்து யானையைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து புதுக் கண்டன்சர்கள்.

"எதுக்குங்க? புதன்கிழமைக்கு அப்புறம் எனக்கு வலப்பக்கமே கிடையாது."

"ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் சார் செட்டு. நீங்க எந்தப் பக்கம் கேக்குறீங்கங்கிறது உங்க கோளாறு. அதை நான் ரிப்பேர் பண்ண முடியாது."

சாலிடர் புகை எழுந்தது. பூங்கோதை இருவருக்கும் காபி வைத்துவிட்டுப் போனாள். ஆல்பர்ட்டின் டம்ளர் ஆறிப்போய் ஆடை கட்டியது. அவர் குடிக்கவே இல்லை. போகும்போது கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டார். "நல்லபடியா வாங்க" என்று சொன்னாரா, சொல்லவில்லையா என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் நின்றார் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

பெட்டி கட்டியாகிவிட்டது. ஹிதாயத்துல்லா டாக்டர் கீழே காரோடு நிற்கிறார்.

தட்டைப் போட்டேன். மறுபடி கோடிக்குத் தள்ளியிருந்த பேலன்ஸ் திருகியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். நாதஸ்வரம் வந்தது. தவில் கம்பளிக்குள். மோனோ பொத்தானை அமுக்கினேன். சின்னதாக ஒரு 'டக்'. நாதஸ்வரமும் தவிலும் இடது ஸ்பீக்கருக்குள் ஒன்றாக வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தன, கடைசி பஸ்ஸில் இடம் கிடைத்தவர்கள் மாதிரி. இரண்டும் கேட்டன. யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பூங்கோதை வந்து எனக்கு இடப்பக்கம் நின்று கேட்டாள். தட்டு முடியும்வரை நின்றாள்.

யானையை அணைத்தேன். நீல வெளிச்சம் போயிற்று. முட்கள் இரண்டும் ஒன்றாகப் படுத்தன. சுவர் ஸ்விட்சையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுற்றி வைத்தேன்.

"போலாமா?" என்றாள்.

ஹம் நிற்கவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன்.